தோடு போட்ட மண்

என் வயதுப் பெண்களே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு யாரையும் சட்டென்று நம்பிப் பழக்கம் இல்லை. காய்கறி வண்டிக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தால் அவருடைய தராசை ஒரு தரம் பார்ப்பேன். மருமகள் வந்து “காபி நல்லா இருக்கா அத்தை” என்று கேட்டால், இன்றைக்கு எதற்குக் கேட்கிறாள் என்று யோசிப்பேன். இது என் அம்மாவிடமிருந்து வந்த குணம். கெட்ட குணம் என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை காலம் ஏமாறாமல் பிழைத்தது அதனால்தான். ஆனால் அந்தக் குணம் எங்கள் வீட்டில் ஒரு பருவத்தில் செய்த காரியம் என்னவென்று போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன். சின்னவர்களிடம் சொன்னால் போனைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்.

கும்மிடிப்பூண்டியில் இப்போது கம்பெனிச் சுவர் நீளமாகப் போகிறதே, அந்தப் பக்கம்தான் எங்கள் ஊர். அப்போது சுவர் கிடையாது. நைனாவும் அம்மாவும் நிலக்காரர் வீட்டில் கூலி வேலை செய்தார்கள். எங்களுக்கென்று வீட்டின் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. இருந்தது என்று பேருக்குத்தான் சொல்லவேண்டும். நான் பிறப்பதற்கு முன்னால் செங்கல் சூளைக்காரர் வந்து, மேல்மண்ணை மட்டும் வெட்டிக்கொள்கிறேன், பதிலுக்குக் கல் தருகிறேன் என்றாராம். மண்தானே, மழை பெய்தால் மறுபடி வந்துவிடும் என்று நைனா தலையாட்டினார். எங்கள் வீட்டின் வடக்குச் சுவர் அந்தக் கல்லில் எழும்பியது. மற்ற மூன்று பக்கமும் மண் சுவர். எங்கள் நிலம் முழுவதும் அந்த ஒரு சுவராக எழுந்து நின்றது.

மண் திரும்பி வரவில்லை. அடியில் இருந்தது மொட்டைத் தலை மாதிரி வெளுத்துக் கிடந்தது. கடப்பாரை போட்டால் கை அதிரும். மழைத் தண்ணீர் அதன்மேல் நின்று, காய்ந்து, ஓடு ஓடாக வெடிக்கும். அந்த ஓடுகளைப் பெயர்த்து நாங்கள் பிள்ளைகள் தட்டு வைத்துச் சோறாக்கி விளையாடுவோம். ஒரு அறுகம்புல்கூட அங்கே தலைகாட்டாது.

இந்த நிலைமையில்தான் சித்தி வந்தாள். நைனாவின் தம்பி, என் சித்தப்பா, செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். லாரி போன இடத்தில் பார்த்து, ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்டை, ஆந்திரா பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். எங்களைக் கேட்கவில்லை. அந்த ஒன்றே அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. சித்தப்பா அவளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு லாரியோடு போய்விடுவார். வாரத்துக்கு ஒரு தரம் வந்தால் உண்டு.

சித்தி நல்ல உயரம். பேசினால் பாதி தெலுங்கு, பாதி எங்களிடம் பொறுக்கிய தமிழ். எங்கள் பக்கமும் கொஞ்சம் தெலுங்கு கலந்ததுதான். அப்பாவை நைனா என்போம், காசை டப்பு என்போம். அதனாலேயே எங்களுக்குத் தெலுங்கு தெரியும் என்று ஓர் எண்ணம். தெரியாது என்று இருந்திருந்தால் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருப்போம்.

வந்த சில நாளிலேயே சித்தி பின்பக்கம் போய் அந்த மொட்டை நிலத்தில் உட்கார்ந்தாள். ஒரு கட்டியை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தாள். முகத்தைச் சுளித்துக் கீழே போட்டாள். எதிர்வீட்டு அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அவள் எங்களுக்குச் சொந்த அத்தை இல்லை, முறைக்கு அத்தை. ஊரில் நடப்பதெல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் நடக்கவேண்டும்.

“இன்னா அண்ணி, உன் ஓரகத்தி மண்ண மோந்து பாக்கறா. மாசமா கீறாளா?”

“வந்து எத்தினி நாளு ஆவுது, அதுக்குள்ள மாசமா? எனக்கு வேற டவுட்டு கீது,” என்றாள் அம்மா.

“இன்னா டவுட்டு?”

“தெரில. ஆனா கீது.”

அம்மாவின் சந்தேகம் எப்போதும் அப்படித்தான். முதலில் சந்தேகம் வரும், காரணம் பின்னால் நடந்து வரும்.

சித்தி அந்த நிலத்தில் கடப்பாரையால் வரிசையாகக் குழி போட்டாள். ஒரு நாளைக்கு ஒன்று வெட்டுவதற்குள் கை கொப்பளித்துவிடும். அதற்குமுன் எங்கள் வீட்டுக் குப்பையை அம்மா சாயங்காலத்தில் கூட்டிக் கொளுத்திவிடுவாள். “கொளுத்தாதீங்க அக்கா, எனக்குக் கொடுங்க” என்று சித்தி கேட்டாள். குப்பையைக் கேட்டு வாங்குகிறவளை அம்மா அதுவரை பார்த்ததில்லை. கொடுத்தாள். கொடுத்துவிட்டு, எதற்கு என்று தனியாக யோசித்தாள்.

வீட்டுக் குப்பை, அடுப்புச் சாம்பல், நிலக்காரர் மாட்டுக்கொட்டகையில் அம்மா கூட்டி வருகிற சாணமும் மூத்திர மண்ணும், உதிர்ந்த இலை, நைந்த வைக்கோல் எல்லாம் அந்தக் குழிகளுக்குப் போயின. சாம்பல் கூடையை நான் தூக்கிப் போவேன். பழைய சோற்று நீத்தண்ணி புளித்துப்போனால் அதையும் தெளிப்பாள். மேலே பனை ஓலை போட்டு மூடி, வெயில் படாமல் கல் வைப்பாள். குழந்தையைத் தூங்க வைத்தது போல அந்த ஓலையை ஒரு தட்டு தட்டுவாள். அதுவும் எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

எல்லாவற்றையும்விட மோசம், விடியலில் அவள் ஏரிக்கரைக்குப் போய்வருவது. அங்கே ஒரு கிழட்டுப் புங்க மரம் இருந்தது. அதன் அடியில் இலை மக்கி மக்கி மண் கறுப்பாக, அரிசி மாவுப் பதத்தில் இருக்கும். அதில் ஒரு கைப்பிடி எடுத்து முந்தானையில் முடிந்து வருவாள். அந்த முடிச்சை யாருக்கும் காட்டாமல் நேரே குழிக்குப் போய்விடுவாள். எதிர்வீட்டு அத்தை இதையும் பார்த்தாள்.

“காலடி மண்ணு எடுக்கறா. யாரு காலடின்னுதான் தெரியணும்,” என்றாள்.

ஒருவரின் கால் பட்ட மண்ணை எடுத்து மந்திரம் செய்தால் அவர் விளங்கமாட்டார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அன்றிலிருந்து எங்கள் தெருவில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். எல்லோரும் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். நானும் பள்ளிக்கூடம் போகும்போது பத்தடிக்கு ஒரு தரம் திரும்பி வந்து என் காலடியை அழிப்பேன். ஆனால் அதே நான் மத்தியானத்தில் சித்தியோடு உட்கார்ந்து ஓலையைத் தூக்கிப் பார்ப்பேன். உள்ளேயிருந்து ஒரு வாசனை வரும். முதல் மழை விழுந்தவுடன் வருமே, அது. ஒரு நாள் விரலை விட்டால் விரல் முழுவதும் உள்ளே போயிற்று. சிவப்பாக ஒரு மண்புழு நெளிந்தது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். சித்தி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அங்கேதான், வீட்டுக்குள் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவின் தோடு காணாமல் போயிற்று.

மற்றவர்கள் போட்டிருந்ததைக் கம்மல் என்போம். அம்மாவுடையதை மட்டும் எல்லோரும் தோடு என்றுதான் சொல்வார்கள். அவள் அம்மா வழியில் வந்தது, சிவப்புக் கல், சுற்றிலும் அரும்பு அரும்பாகப் பொன் வேலை. கூலிக்காரி காதில் அப்படி ஒன்று கிடந்ததை நிலக்காரர் வீட்டம்மாவே இரண்டு தரம் பார்ப்பாள். அம்மாவின் கர்வம் முழுவதும் அந்த இரண்டு கல்லில் இருந்தது. திருகாணி தேய்ந்துபோய், நூல் சுற்றி முடுக்கியிருந்தாள். ஒரு நாள் காலையில் பின்வாசலில் உட்கார்ந்து தலை வாரிவிட்டு எழுந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காதைத் தொட்டால் ஒன்றைக் காணவில்லை.

வீட்டைப் புரட்டினோம். அடுப்பைக் கிளறினோம். கிடைக்கவில்லை. ஒற்றைத் தோட்டோடு வெளியே போக வெட்கப்பட்டு மற்றதையும் கழற்றி வைத்துவிட்டு, காது தூர்ந்துவிடாமல் இரண்டு ஓட்டையிலும் வேப்ப ஈர்க்கைச் செருகிக்கொண்டாள். என்ன தொலைந்தது என்று சித்தியிடம் சொல்லவில்லை. சித்தியின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாளில் எதிர்வீட்டு அத்தை பின்பக்கம் வந்து, குழியருகே இருந்த சித்தியிடம் பேச்சுக் கொடுத்தாள்.

“இன்னாமே பண்ணிகினு கீற, எந்நேரமும் இங்கியே?”

“தோடு போடறேன் வதினா.”

“இன்னாது?”

“மண்ணுக்குத் தோடு போட்டு மூடிட்டேன். தொறந்து தொறந்து பாக்கக்கூடாது. ஆடாம இருந்தா தானா வந்துடும்.”

அத்தை வந்த வழியே ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் கூட்டம் கூடிவிட்டது. நைனாவையும் வயலிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். சித்தி நடுவில் சாணிக் கையோடு நின்றாள். அம்மா நிதானமாகத்தான் ஆரம்பித்தாள்.

“தோட்ட எடுத்தியா?”

“எடுத்தேன் அக்கா.”

இல்லை என்பாள், அழுவாள், சத்தியம் செய்வாள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அடுத்து என்ன கேட்பதென்று தெரியவில்லை.

“எங்கேர்ந்து எடுத்த?”

“ஏரிக்கரை. புங்க மரத்தடி.”

“அங்க எப்டிமே போச்சி?”

“அங்கதான் அக்கா எப்பவும் இருக்கும்.”

“இப்ப எங்க?”

“எல்லாக் குழியிலயும். கொஞ்சம் கொஞ்சம்.”

“பாத்தியா அண்ணி,” என்றாள் எதிர்வீட்டு அத்தை. “கல்லு தனியா, பொன்னு தனியா கயட்டிப் பிரிச்சிப் போட்டுக்கீறா. இன்னா நெஞ்சழுத்தம்.”

நைனா அதுவரை தலை குனிந்து நின்றவர், மெதுவாகக் கேட்டார். “இன்னாத்துக்குமா எடுத்த? உனுக்கு இன்னா கொற இங்க?”

“மண்ணுக்குத்தான் பாவா. செத்துப்போச்சே. தோடு போட்டா உயிர் வரும்.”

பொன்னைப் புதைத்து மண்ணில் எதையோ எழுப்பப் பார்க்கிறாள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கவேண்டும். பிள்ளை வைத்திருந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

பிறகு மண்வெட்டி வந்தது. ஒவ்வொரு குழியாகக் கிளறினார்கள். ஓலையெல்லாம் பறந்தது. “தொறக்காதீங்க, கெட்டுப்பூடும்” என்று சித்தி குழிக்குக் குழி ஓடினாள். திருடி என்றபோது அழாதவள் இதற்கு அழுதாள். அதனால் இதற்குள்தான் இருக்கிறது என்று இன்னும் ஆழமாக வெட்டினார்கள். கறுப்பு மண்ணும், பாதி மக்கிய வைக்கோலும், புழுவும் மேலே வந்து வெயிலில் கிடந்தன. காக்கைகள் இறங்கின. தோடு கிடைக்கவில்லை.

சித்தப்பா வருவதற்குள் அவளை அனுப்பிவிடவேண்டும் என்று அம்மா தீர்மானமாக இருந்தாள். மறுநாள் காலையில் சித்தியின் தகரப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்து, திரும்ப அடுக்கி, நைனாவே ஊத்துக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. புறப்படும்போது சித்தி பின்பக்கம் போய்விட்டு வந்தாள். முந்தானையில் புதிதாக ஒரு முடிச்சு இருந்தது.

அம்மா வழியை மறித்தாள். “இன்னாமே அது?”

சித்தி முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அவுறு.”

“அங்கயும் தோடு வேணும் அக்கா,” என்றாள் சித்தி. “எங்க ஊர்லயும் சூளை வந்துடுச்சி.”

தெருவே கேட்டது. இனி என்ன சாட்சி வேண்டும். அம்மா முடிச்சைப் பிடித்து இழுத்தாள். ஒரு கைப்பிடி கறுப்பு மண் வாசலில் கொட்டியது. அம்மா குந்தி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அதை விரலால் அளைந்தாள். ஒன்றும் இல்லை. எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்விட்டாள். சித்தி காலி முந்தானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நைனாவின் பின்னால் நடந்தாள். அன்று தெருவில் அவள் காலடி மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மற்ற எல்லோரும் தேய்த்தல்லவா நடந்தார்கள்.

சித்தப்பா அந்த வாரம் வந்தார். நடந்ததைக் கேட்டார். “அவகிட்ட ஒரு வார்த்த திருப்பிக் கேட்டீங்களா?” என்றார். “அவளே ஒத்துக்கினா” என்றாள் அம்மா. சித்தப்பா ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அண்ணன் சாவுக்குக்கூட வரவில்லை.

குழிகளை யாரும் மூடவில்லை. மழைக்குக் குப்பையிலிருந்த விதை முளைத்துப் பூசணி படர்ந்தது. கொடி அந்த வெளுத்த நிலத்தை மூடி, அடுத்தவர் வேலி வரைக்கும் போயிற்று. சாப்பிடலாமா கூடாதா என்று தெருவில் ஒரு விவாதம் நடந்தது. எதிர்வீட்டு அத்தை முதல் ஆளாக ஒரு காயைக் கொண்டுபோனாள், சந்தேகம் தீரத்தான் என்று சொல்லிவிட்டு. அடுத்த பருவத்தில் அம்மா அங்கே கத்திரி நட்டாள். நாற்றுக்குக் கையாலேயே பள்ளம் பறிக்க முடிந்தது. அப்படிப் பறிக்கும்போது ஒரு சாணிக்கட்டி உடைந்து, அதற்குள்ளிருந்து தோடு வந்தது. தேய்ந்த திருகாணியும் அதில் சுற்றிய நூலும் அப்படியே இருந்தன.

அம்மா அதை நிமிர்த்திப் பிடித்து என்னைக் கூப்பிட்டாள். “பாத்துக்க. இங்கதான் பொதச்சி வெச்சிருந்தா. நான் சொன்னனே.”

காதில் போட்டுக்கொண்டாள். சாகிறவரைக்கும் கழற்றவில்லை. தன் சந்தேகம் பொய்க்காது என்பதற்கு அதைத்தான் தொட்டுக் காட்டுவாள். பிறகு அது எனக்கு வந்தது. நானும் அப்படித்தான் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நிலம் கம்பெனிக்குப் போனபோது நான் அந்த மண்ணில் சில மூட்டை கட்டி வேப்பம்பட்டுக்கு, மகன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “எல்லாரும் பீரோ கட்டில் எடுத்தாருவாங்க, நீ மண்ண எடுத்தாறியேமா” என்று மகன் சிரித்தான். மாடியில் பெயிண்ட் வாளிகளில் போட்டுக் கீரையும் மிளகாயும் வைத்திருக்கிறேன். கடையில் பாக்கெட் மண் விற்கிறார்கள், படம் போட்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முகர்ந்து பார்த்தால் ஒரு வாசனையும் இல்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுக்கு ஒரு தெலுங்குக் குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண் ஒரு நாள் காலையில் கையில் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“அம்மா, உங்க கிட்ட கொஞ்சம் தோடு இருக்கா?”

என் கை தன்னால் காதுக்குப் போயிற்று. வந்து ஒரு வாரம் ஆகவில்லை, என் தோட்டைக் கேட்கிறாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, “எதுக்கும்மா உனக்குத் தோடு?” என்றேன்.

“பாலுக்கும்மா. ஒரு ஸ்பூன் போதும். நைட்டு தயிர் மொத்தமும் காலி பண்ணிட்டாங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவள் கிண்ணத்தைக் காட்டி, கலக்குவது போல விரலைச் சுற்றினாள். “தோடும்மா. தோடு போட்டு மூடி வெச்சா, ஆடாம இருந்தா, தயிர் ஆயிடுமே. நீங்க இன்னா சொல்லுவீங்க?”

உறை. நாம் உறை என்போம். தெலுங்கில் அதற்குப் பேர் தோடு.

“தோடு, தோடு” என்று வாய்க்குள்ளேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அவள் பயந்து, “வேணாம்மா, பரவால்ல” என்றாள். நான் உள்ளே போய் மோர் எடுத்துவந்து ஊற்றினேன். ஒரு ஸ்பூன் கேட்டவளுக்குக் கிண்ணம் வழிய ஊற்றினேன். எதற்கு இவ்வளவு என்று அவள் சந்தேகமாகப் பார்த்தாள். பார்க்கட்டும்.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் பால் காய்ச்சித் தயிர் தோய்த்த நாள் என்று ஒன்று இல்லை. கூழும் நீத்தண்ணியும்தான். ஒரு நாள், ஒரே நாள், ஒரு ஆழாக்குப் பால் அந்த வீட்டுக்குள் வந்திருந்தால் சித்தி அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பாள், நாங்களும் கற்றுக்கொண்டிருப்போம். புங்க மரத்தடியிலிருந்து அவள் எடுத்து வந்தது உறை. செத்த மண்ணுக்கு உயிருள்ள மண்ணில் ஒரு கை. எடுத்தாயா என்று கேட்டார்கள், எடுத்தேன் என்றாள். அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தோடு எப்படிக் குழிக்குப் போயிற்று என்பதும் இப்போது புரிகிறது. அம்மா தலை வாரிய பின்வாசலை அம்மாவேதான் கூட்டினாள். அந்தக் குப்பையை அம்மாவேதான் சித்தியின் கையில் கொடுத்தாள். பழைய வழக்கப்படி கொளுத்தியிருந்தால் கல் கருகி வெடித்திருக்கும். அதைக் காப்பாற்றியதும் அந்தக் குழிதான்.

சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சித்தி இருக்கிறாள், ஊத்துக்கோட்டைக்கு அந்தாண்டை அவள் ஊரிலேயே. என் தம்பி மகன் வேலை செய்யும் கம்பெனியில் அவள் மகனும் வேலை செய்கிறானாம், ஒரே ஷிப்டு. கண் மங்கிவிட்டது, ஆனால் கொல்லையை விட்டு வரமாட்டேன் என்கிறாளாம். தம்பி மகன் சொன்னதை முழுக்க நம்பலாமா என்று எனக்கு யோசனையாக இருந்தது. என்னை வாசலில் நிறுத்தி “இன்னாத்துக்கு வந்த” என்று கேட்பாளோ என்றும் தோன்றியது. கேட்டால் கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். கேட்க அவளுக்குப் பாத்தியதை உண்டு.

நேற்றுக் காலையில் மாடிக்குப் போய், பழைய வாளியில் அடியிலிருந்து ஒரு கை மண் அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன். அம்மாவின் தோட்டைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. காதில் வேப்ப ஈர்க்கைச் செருகிக்கொண்டேன். மருமகள் பார்த்தாள், கேட்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் திருவள்ளூர் போய் பஸ் ஏறி ஊத்துக்கோட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

நான் முந்தானை முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான்.

“இன்னா ஆயா, முடிஞ்சிகினு போற? கைய எடுக்கவே மாட்டன்ற.”

“தோடு,” என்றேன்.

அவன் என் காதில் இருந்த ஈர்க்கைப் பார்த்தான். முகம் மாறியது. வண்டியில் இருந்த மற்றவர்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

“பத்திரமா புடிச்சிக்க ஆயா. யாரையும் நம்பக்கூடாது.”